மைனஸ் நாற்பது

வரும் ஜூனில் ‘பொருளியலுக்கான கணித முறைகள்’ என்ற பாடத்தாள் துறையின் இளைய ஆசிரியர்களான உங்களில் யாரோ ஒருவர் கைக்கு வரப்போகிறது. யார் எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குகிற தாள் இல்லை அது, எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு கணக்கைத் தலைமுழுகிவிட்டோம் என்ற நிம்மதியில் பி.ஏ. பொருளியலில் வந்து சேருகிற பிள்ளைகள், மூன்றாம் ஆண்டில் திரும்பவும் கணக்கைப் பார்த்ததும் நம்மை ஏதோ ஏமாற்றுக்காரரைப் போலப் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பார்வையைப் பார்த்தவள் நான்.

கணக்கை எப்படி நடத்துவது என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் கணினியில் வளைகோட்டை வரைந்து, சுழற்றியே காட்டிவிடுகிறீர்கள். நான் கரும்பலகையில் மலை போல ஒன்றை வரைந்து, இதுதான் உச்சம் என்று சாக்பீஸால் தட்டிக் காட்டியவள். ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், துறைத்தலைவராக இருந்தபோது, நான் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பாராட்டு விழாவில் இதைச் சொல்ல முடியவில்லை. மாலையைப் போட்டுவிட்டு மைக்கைக் கையில் கொடுத்தால் நல்லதாகத்தான் நாலு வார்த்தை வருகிறது.

அது ஆறாவது செமஸ்டர் தேர்வு. நம் பெண்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி ஆகிவிட்டதால் நம் மாணவிகளின் விடைத்தாள்களை நாமே திருத்துவோம். பெயரை மறைத்து, டம்மி நம்பர் போட்டுக் கட்டாக வரும். யார் எழுதியது என்று தெரியாது. கேள்வித்தாளும் நான் எடுத்ததுதான். அதில் ஒரு பெரிய கேள்வி: ஒரு பனியன் கம்பெனி இரண்டு வகை டி-சர்ட் தைக்கிறது. ஒவ்வொரு டஜனுக்கும் ஒரு மணி நேரம் இயந்திரம் ஓட வேண்டும். கையில் இருப்பது மொத்தம் இருபது மணி நேரம். எந்த வகையை எத்தனை டஜன் தைத்தால் லாபம் அதிகம்?

விடை: இரண்டிலும் பத்துப் பத்து டஜன். அதோடு லாம்டா என்று ஓர் எண்ணும் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திர நேரம் இன்னும் ஒரு மணி கூடக் கிடைத்தால் லாபம் ஏறத்தாழ எவ்வளவு கூடும் என்று அது சொல்லும். இந்தக் கணக்கில் நாற்பது. லாம்டா ஒருபோதும் மைனஸில் வராது, வந்தால் நேரம் கூடக் கூட நஷ்டம் என்று ஆகிவிடும், அது அர்த்தமில்லாதது என்று வருடா வருடம் வகுப்பில் அடித்துச் சொல்வேன். நோட்ஸிலும் அதற்கு அடிக்கோடு உண்டு.

கட்டில் இருந்த தாள்களில் பாதிக்கு மேல் திருத்தியிருப்பேன். ஒரு விடைத்தாளில் லாம்டா மைனஸ் நாற்பது என்று இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டு, அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டுவிட்டுத் திருப்பினேன். அடுத்த தாளிலும் மைனஸ் நாற்பது. அதற்குக் கீழே ஒரு வாக்கியம்: ‘மிஷின் ஒரு மணி நேரம் கூட ஓடினால் லாபம் சுமார் 40 கூடும்.’ முந்தைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே வாக்கியம். என் நோட்ஸில் ‘இயந்திரம்’ என்றுதான் இருக்கும். ‘மிஷின்’ என்று நான் எழுதியதே இல்லை. மைனஸ் என்று கணக்குப் போட்டுவிட்டு, கூடும் என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? எழுதியவளுக்கே புரியவில்லை. ஒருத்தி தப்பாகப் போட்டிருக்கிறாள், இன்னொருத்தி அதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். இவ்வளவையும் நான் முடிவு செய்ய ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் எழுதிக் கொடுத்தேன். டம்மி நம்பரைப் பிரித்தார்கள். ஜெனிபா, கவிப்பிரியா. பதிவு எண் வரிசையில் அடுத்தடுத்தவர்கள். தேர்வு அறையில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னது உறுதியாகிவிட்டது என்று கட்டுப்பாட்டாளர் தலையை ஆட்டினார்.

இருவரையும் எனக்குத் தெரியும். கவிப்பிரியாவின் வீடு அவிநாசி. அப்பா வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் தூரத்து உறவும்கூட. கவிப்பிரியா ஒரு நாள் தவறாமல் வகுப்புக்கு வந்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்வாள். ஜெனிபாவின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் குடியிருந்தது. அப்பா இல்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. ஷிப்மென்ட் போகிற வாரங்களில் ஜெனிபாவும் அம்மாவோடு போய்விடுவாள். லாம்டா நடத்திய இரண்டு வாரமும் அவள் வகுப்பில் இல்லை. வருகைப்பதிவு குறைந்து, அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதியிருந்தாள்.

அதனால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பதிவு எண்படி ஜெனிபா முன்னால் உட்கார்ந்திருந்தாள், கவிப்பிரியா பின்னால். முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்த்து இவ்வளவு எழுத முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கவிப்பிரியாவின் அப்பா போன் செய்தார்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே? புள்ளைக்கு வரன் பாத்துட்டு இருக்கறமுங்க. காலேஜ்ல காப்பியடிச்சான்னு ஒரு பேரு வந்துதுன்னா, நம்ம பக்கத்துல எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. பாத்துச் செய்யுங்க.”

“விசாரிச்சுத்தானுங்க சொல்ல முடியும்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த போனால் என் முடிவு மாறவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாறவில்லைதான், முடிவைத்தான் முன்பே எடுத்துவிட்டிருந்தேனே. ஆனால் வேறு மாதிரி யோசிக்கத் தோன்றாமல் போனதற்கும் அந்த போனுக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நான், வணிகவியலைச் சேர்ந்த தேர்வுக் கட்டுப்பாட்டாளர், தமிழ்த்துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை. அறிக்கை எழுத நம் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். சொந்த ஊர் குண்டடம். முப்பது வயது இருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து போவார். வேலை வருடா வருடம் நீட்டிக்கிற வேலைதான். துறைத்தலைவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் மறுபடி வேலை. அந்த வருடத்துக்கான நீட்டிப்புத் தாள் அப்போது என் மேஜைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் பெயரை நான் எங்கேயும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதனால் சொல்லவில்லை.

விசாரணை நடந்த இரண்டாம் நாள் ரிசல்ட் வர வேண்டும். முறைகேடு என்று முடிவானால் அந்த செமஸ்டர் மொத்தமும் ரத்தாகும். ஜெனிபாவுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. இடம் கிடைத்திருந்தது. மதிப்பெண் பட்டியலை அந்த வாரத்துக்குள் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று அவள்மேல் எனக்கு வருத்தம்கூட இருந்தது.

முதலில் கவிப்பிரியா வந்தாள். நீ பார்த்து எழுதினாயா என்று கேட்டோம். இல்லீங்க என்றாள். உன் பேப்பரைக் காட்டினாயா? இல்லீங்க. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஜெனிபாவும் அவள் அம்மாவும். அந்த அம்மா வேலைக்கு நடுவில் வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வாசலுக்கு வெளியே பெஞ்சில் கவிப்பிரியா உட்கார்ந்திருப்பதை இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

“நான் யாரையும் பாத்து எழுதல மேடம்” என்றாள் ஜெனிபா.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே தப்பை எப்படிப் போட்டீங்க?”

“அது தப்பு இல்ல மேடம்.”

“என்ன?”

“அது தப்பு இல்ல. நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்க.”

சத்தமாகப் பேசவில்லை அவள். மரியாதைக் குறைவும் இல்லை. இப்போது நினைத்தால் கெஞ்சினாள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கோ கன்னம் சூடாகிவிட்டது.

“முப்பது வருசமா இந்தத் தாளை நடத்தறேன். லாம்டாவை எனக்கு நீ சொல்லித் தர்றியா? அந்த ரெண்டு வாரமும் நீ கிளாசுக்கே வரலையே கண்ணு.”

கட்டுப்பாட்டாளரும் தமிழ்ப் பேராசிரியையும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அறையில் கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் நகர்த்தினேன். தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் இந்த ஒரு தாளோடு விட்டுவிடப் பேசிப் பார்க்கிறேன், இல்லையென்றால் செமஸ்டர் மொத்தமும் போய்விடும் என்றேன். உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன், நம்புங்கள்.

ஜெனிபா தாளைத் தொடவில்லை. அவள் அம்மாதான் முன்னால் வந்தார்.

“எழுதிக் குடுத்தா பிள்ளைய விட்டுருவியளா மேடம்?”

“என்னால ஆனதைப் பார்க்கறேங்க.”

“எழுதிக் குடுத்துரு ஜெனி.”

“செய்யாததுக்கு எதுக்கும்மா எழுதிக் குடுக்கணும்?”

“எழுதிருட்டி. அந்தப் பிள்ளையும் வெளிய உக்காந்திருக்கு. வேண்டாம், இது நம்மளோட போவட்டும். எழுதிரு.”

நான் சொல்லச் சொல்ல ஜெனிபா எழுதினாள். நான்கு வரி. கையெழுத்துப் போட்டபோது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. அவள் அம்மா எங்கள் மூவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, கம்பெனியில் ஒரு மணி நேரம்தான் கேட்டு வந்தேன் என்று அவசரமாகப் போனார். ஜெனிபா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கவிப்பிரியாவுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம் இருந்தது.

அறிக்கையில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. குண்டடத்துக்காரர் எழுதி முடித்தாரா என்று திரும்பினேன். அவர் அறிக்கை எழுதவில்லை. கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பின்பக்க வெற்றிடத்தில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒரு நிமிசம் வெளிய வர முடியுங்களா?”

“இங்கேயே சொல்லுங்க சார், நேரமாகுது.”

“இல்லீங்க மேடம், ஒரு நிமிசம் மட்டும்.”

வராந்தாவுக்குப் போனோம். மற்ற இருவர் முன்னால் அவர் அதைச் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சண்டைதான் போட்டிருப்பேன்.

கேள்வித்தாளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு விதமாகப் போட்டிருந்தார்.

“இருபது மணி நேரங்கற கட்டுப்பாட்டை எழுதறப்ப நீங்க இருபதிலிருந்து ரெண்டு வகை டஜனை, எக்ஸையும் வொய்யையும், கழிச்சு எழுதச் சொல்லுவீங்க. இந்தப் புள்ளைங்க எக்ஸ், வொய் ரெண்டையும் கூட்டி, அதிலிருந்து இருபதைக் கழிச்சிருக்காங்க. ரெண்டும் பூஜ்யந்தானுங்களே. அப்படித் திருப்பி எழுதுனா லாம்டா மைனஸ்ல வந்துதான் ஆகணும். அர்த்தம் சொல்லறப்ப குறியை மாத்திச் சொல்லணும். அதைத்தான் கடைசி வரியில ‘கூடும்’னு எழுதியிருக்காங்க. சரியாத்தானுங்க இருக்கு.”

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது ஏதோ ஆராய்ச்சி விஷயம் இல்லை. எத்தனையோ புத்தகங்கள் அந்த வழியில்தான் எழுதுகின்றன. நானே எம்.ஏ. படித்தபோது இரண்டு வழியிலும் போட்டிருக்கிறேன். பிறகு ஒரே நோட்ஸ், ஒரே ஆன்சர் கீ, ஒரே அடிக்கோடு என்று முப்பது வருடம் போனதில், லாம்டா மைனஸில் வராது என்பது கணிதத்தின் விதி, என் நோட்ஸின் வசதி இல்லை என்று எனக்கு ஆகிவிட்டிருந்தது.

இங்கே நான் உடனே தலைகுனிந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் நான் சொன்னது இது:

“சரி, பதில் சரின்னே வெச்சுக்குவோம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி, ஒரே வாக்கியம் எழுதியிருக்காங்களே? காப்பி காப்பிதானே?”

அவர் கேள்வித்தாளை இரண்டாக மடித்தார். என் மேஜைமேல் இருந்த அந்த நீட்டிப்புத் தாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கே வந்தது.

“எப்படிப் படிச்சீங்கன்னு அவங்களை நாம ஒருதரங்கூடக் கேக்கலீங்களே மேடம்” என்றார். “யாரு யாரைப் பாத்து எழுதுனீங்கன்னுதான் கேட்டோம்.”

உள்ளே போய்க் கட்டுப்பாட்டாளரிடம் இன்னும் அரை மணி நேரம் வேண்டும் என்றேன். ஏன் என்றார். நான் திருத்தியதில் எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது?

குண்டடத்துக்காரர் அங்கேயே எண்களை மாற்றிப் புதிதாக ஒரு கணக்கு எழுதினார். இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கொடுத்தோம். ஜெனிபா எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கினாள், கால் மணி நேரத்துக்குள் முடித்து நீட்டினாள். முழுதும் சரி. லாம்டா மைனஸில். அதன் கீழே, மிஷின் ஒரு மணி நேரம் கூட ஓடினால் என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம். கவிப்பிரியா அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு பெருக்கலைக் கோட்டைவிட்டு எண் மாறிப்போயிருந்தது. ஆனால் அவளும் அதே போலத் திருப்பித்தான் எழுதியிருந்தாள். அவளுக்கும் லாம்டா மைனஸில்தான். அவளும் மிஷின் என்றே ஆரம்பித்திருந்தாள்.

கவிப்பிரியாவை உட்கார வைத்து, இந்த வழியை யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அழுதுவிட்டாள்.

“ஜெனிதானுங்க மேடம் சொல்லிக் குடுத்தா. எங்க கம்பெனியில செக்கிங் டேபிள்ல வெச்சு. அவங்க அம்மா எங்க அப்பாகிட்டத்தானுங்க வேலை செய்யறாங்க. ஷிப்மென்ட் நேரத்துல அவளும் வருவா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல டேபிளைக் காலி பண்ணி, சாக்பீஸ்ல கணக்குப் போட்டுக் காட்டுவாளுங்க. நீங்க நடத்துனது எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. அவ நம்ம மிஷினை வெச்சுச் சொன்னப்பதான் புரிஞ்சுது.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“அப்பா எதுவும் பேச வேண்டாம்னு சொன்னாருங்க. மேடம் பாத்துக்குவாங்கன்னு சொன்னாருங்க.”

பிறகு, இன்னும் மெதுவாக, “எங்க கம்பெனியில வேலை செய்யறவங்க புள்ளைகிட்டப் படிச்சேன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துதுங்க” என்றாள்.

ஜெனிபாவிடம் எதில் படித்தாய் என்று கேட்டேன். வகுப்பைத் தவறவிட்டதால் நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்றை எடுத்துத் தானாகவே படித்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தில் எக்ஸையும் வொய்யையும் கூட்டி, அதிலிருந்து மொத்தத்தைக் கழிக்கிற வழிதான் இருந்தது. கவிப்பிரியாவுக்கு மட்டும் இல்லை, பஸ்ஸில் கூட வருகிற இன்னும் சில பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அவர்களுடைய தாள்களும் என் விடைத்தாள் கட்டுக்குள்தான் இருந்தன. மைனஸ் விடைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான்கு தாளில் லாம்டா மைனஸில். நான்கிலும் என் சிவப்பு வட்டம். அவர்கள் வாக்கியத்தை அவரவர் சொந்தமாக எழுதியிருந்ததால் அவை என்னை உறுத்தவில்லை. காப்பி என்ற சந்தேகம் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஆறு பிள்ளைகளும் சரியாகப் போட்ட கணக்குக்குப் பூஜ்யம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. அதற்கு முந்தைய வருடங்களில் அப்படி எத்தனை பேர் போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டுப்பாட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். திருத்தியதில் தவறு என்னுடையது, மாணவிகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஒப்புதல் கடிதம் என் வற்புறுத்தலால் எழுதப்பட்டது. ‘வற்புறுத்தல்’ என்ற சொல் வேண்டாம் மேடம், உங்களுக்குச் சங்கடம் என்றார் அவர். இருக்கட்டும் என்றேன். கட்டுப்பாட்டாளர் ஜெனிபாவை அழைத்து, அவள் கண்முன்னால் அந்த நான்கு வரியின்மேல் குறுக்குக் கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் கோடு போட்டு முடிக்கிறவரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மன்னிச்சுக்கம்மா” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாசலுக்குப் போனவள் திரும்பி, “தேங்க்ஸ் சார்” என்றாள், குண்டடத்துக்காரரைப் பார்த்து.

அந்தக் கட்டை முதலிலிருந்து திருத்தினேன். ரிசல்ட் ஒரு நாள் தள்ளி வந்தது. ஜெனிபாவின் இடம் போகவில்லை. எம்.ஏ. முடித்துவிட்டாள் என்று கேள்வி. என்னைத் தொடர்புகொண்டதில்லை. அதை நான் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கவிப்பிரியா தன் அப்பாவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லியிருக்கிறாள். அவர் மறுபடி போன் செய்யவில்லை. குண்டடத்துக்காரரின் நீட்டிப்புத் தாளில் அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அவரிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. “இருந்துதுங்க. அதனாலதான் ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டுச் சொன்னேன்” என்றார். வயதில் என் மகன் மாதிரி இருப்பார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு யார் என்று யாராவது கேட்டால் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உங்களில் சிலர் இப்போது அவர் இருந்த இடத்தில் இருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச வருடத்தில் நான் இருந்த இடத்துக்கு வருவீர்கள். முதல் இடத்தில் இருக்கும்போது, பெரியவர் சொல்லிவிட்டார் என்று கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்காதீர்கள். இரண்டாவது இடத்துக்கு வந்ததும், ஒரு பிள்ளை போட்டுப் பாருங்கள் என்று கேட்டால், கோபம் வருவதற்குள் பேனாவை எடுத்துவிடுங்கள். கீயில் இல்லாத விடை வந்தால் வட்டம் போடும் முன் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். இதற்கு மேல் அறிவுரை என்று என்னிடம் எதுவும் இல்லை.

விசாரணைக்கு மறுநாள் மத்தியானம் நான் வேலம்பாளையத்துக்குப் போனேன். ஜெனிபா வீட்டில் சொல்லியிருப்பாள்தான். ஆனாலும் அவள் அம்மாவிடம் என் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சாப்பாட்டு நேரம். கம்பெனிக் கேட்டுக்கு எதிரே வேப்ப மர நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நாலைந்து வடக்கத்திப் பையன்கள் போனில் இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா பதறி எழுந்து, கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி ஏதோ பிரச்சினை என்று நினைத்திருக்கிறார்.

“உங்க பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலீங்க. அவ போட்ட கணக்கு சரி. நாந்தான் தப்பாத் திருத்திட்டேன். நேத்து உங்களையும் வரவெச்சு, அப்படி எழுதி வாங்கினது என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் கோபப்படுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கேட்டுக்குள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலேஜ்ல கூப்பிட்ட அன்னைக்கே சொன்னா மேடம், நான் போட்டது சரிதாம்மான்னு. நாந்தான் நம்பல. டீச்சருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுதுன்னு ஏசிப்புட்டேன்.”

உள்ளே பெல் அடித்தது. பெண்கள் பாத்திரங்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள். அவர் பாதி சாப்பாட்டோடு டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு அவர்களோடு போனார்.